காவலைக் கொஞ்சம் தளர்த்தும் மாத்திரை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகிறவர்கள் மரக்காணத்தை நெருங்கும்போது வண்டியை ஓரம் கட்டிப் படம் எடுப்பது வழக்கம். சாலை ஓரம் வரை நீளும் பாத்திகள், இடையிடையே வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள், அருகே கழுவெளியின் தண்ணீரும் பறவைகளும். ஐந்து நிமிடம் நின்றாலே கண் கூசும். அங்கே விடியற்காலையில் இறங்கி வெயில் ஏறும்வரை உப்பு வாருகிறவர்களின் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பது அந்தப் படத்தில் வராது.

அந்தப் பாத்திகளில் வேலை பார்த்த ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 42. இருபது வருடம் உப்பு வாரியவர். கால் வீங்கி, மூச்சு வாங்கி மருத்துவமனைக்குப் போனபோது இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன என்றார்கள். சில மாதங்கள் டயாலிசிஸ். பிறகு மனைவி தன் சிறுநீரகங்களில் ஒன்றைக் கொடுத்தார். அறுவை நல்லபடியாக முடிந்து நான்கு வருடம் ஆகிறது. இப்போது ஐப்பசி மழை. பாத்திகளில் தண்ணீர் நிற்கிறது, வேலை இல்லை, கையில் காசும் இல்லை. மாத்திரை தீர்ந்து பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. புதுச்சேரிக்குப் போய் வாங்கி வர வேண்டும். அவர் கிளம்பவில்லை.

"நல்லாத்தான இருக்கேன். காய்ச்சல் இல்ல, வீக்கம் இல்ல. எதுக்கு இன்னும் காலையும் சாயங்காலமும் இத்தனை மாத்திரை?"

"ஏங்க, அது உங்க ஒடம்புக்குன்னு தர்ற மாத்திரை இல்லீங்க. உள்ள இருக்கற என் கிட்னிக்குத் தர்றது."

குடும்பம் கற்பனைதான். கேள்வி கற்பனை இல்லை. மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் பலரும் ஏதோ ஒரு கட்டத்தில் இதைக் கேட்கிறார்கள். சிலர் கேட்காமலே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அந்த மனைவி சொன்ன பதில்தான் நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்துகளின் மொத்தக் கதையும்.

வெயிலும் சிறுநீரகமும்

முதலில் உப்பளத்துக்கும் சிறுநீரகத்துக்கும் உள்ள தொடர்பு. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். பெரும்பாலானவர்கள் பாதுகாப்பு வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்தார்கள். நூற்றுக்கு ஏழு பேருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது.

மேலே வெயில், கீழே உப்பில் பட்டுத் திரும்பும் வெயில். வியர்வை கொட்டுகிறது. குடிக்கிற தண்ணீர் அதற்கு ஈடாவதில்லை. ஒதுங்குவதற்குக் கழிப்பறை இல்லாத இடங்களில் பெண்கள் வேண்டுமென்றே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். சாயங்காலம் உடம்பு வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை வேறு. நாள் கணக்கில் தாங்கும் சிறுநீரகம் வருடக் கணக்கில் தளர்ந்துபோகிறது. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு இரண்டும் இல்லாதவர்களுக்கும் இப்படிச் சிறுநீரகம் பழுதாவதை மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களிலும் மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள். இலங்கையின் வட மத்திய மாகாணத்து விவசாயிகளிடமும் காரணம் முழுதும் பிடிபடாத சிறுநீரக நோய் பரவலாக இருக்கிறது.

முற்றிலும் செயலிழந்த சிறுநீரகத்துக்கு இரண்டு வழிதான். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். அல்லது வேறொருவரின் சிறுநீரகம். இரண்டாவது வழியில் போனால் உடம்புக்குள் ஒரு சிக்கல் காத்திருக்கிறது.

படகு எண் தெரிந்த காவலாளி

கடற்கரைக் குப்பங்களில் கரையில் நிற்கிறவர்கள் தூரத்தில் வரும் படகை வைத்தே எந்த ஊர்ப் படகு என்று சொல்லிவிடுவார்கள். பக்கத்தில் வந்தால் அதில் எழுதியிருக்கும் பதிவு எண் காட்டிக்கொடுத்துவிடும். நம் உடம்பின் ஏறக்குறைய எல்லாச் செல்களின் மேலும் இப்படி ஓர் அடையாளம் இருக்கிறது. மருத்துவர்கள் அதை எச்.எல்.ஏ. என்பார்கள். பாதி அப்பாவிடமிருந்து, பாதி அம்மாவிடமிருந்து வருவது. கூடப் பிறந்தவர்களில்கூட நான்கில் ஒரு பங்கு வாய்ப்புத்தான் முழுதாகப் பொருந்துவதற்கு.

ரத்தத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும் வெள்ளை அணுக்களில் 'டி செல்' என்று ஒரு வகை உண்டு. அவைதான் காவலாளிகள். சொந்த எண் என்றால் விட்டுவிடும். அந்நிய எண் என்றால் குரல் கொடுக்கும். கிருமி புகுந்த செல், புற்றாக மாறிய செல் எல்லாவற்றையும் இப்படித்தான் பிடிக்கிறது. மனைவி ஆசையாகக் கொடுத்த சிறுநீரகம் என்பது அதற்குத் தெரியாது. எண் வேறு, அவ்வளவுதான்.

டி செல் அந்நியரைக் கண்டதும் உள்ளே கால்சியம் பாய்கிறது. அது கால்சிநியூரின் என்ற நொதியைத் தட்டி எழுப்புகிறது. அந்த நொதி செல்லின் மையத்துக்குச் செய்தி அனுப்ப, 'இன்டர்லூகின் 2' என்ற பொருள் வெளியே வருகிறது. இது ஊரைக் கூட்டும் குரல் மாதிரி. குரலைக் கேட்டதும் ஒரு டி செல் இரண்டாகி, இரண்டு நான்காகி, படையாகத் திரண்டு புதிய உறுப்பைத் தாக்கும். இதைத்தான் 'நிராகரிப்பு' என்கிறார்கள்.

இரட்டையரில் தொடங்கியது

அதனால்தான் உலகின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று ஒரே மாதிரி இரட்டையரிடையே நடந்தது. 1954 டிசம்பர் 23 அன்று அமெரிக்காவின் பாஸ்டனில் டாக்டர் ஜோசப் முர்ரே அதைச் செய்தார். இருவருக்கும் ஒரே அடையாள எண். உடம்பு சண்டை போடவில்லை. ஆனால் எத்தனை பேருக்கு இரட்டையர் இருக்கப்போகிறார்கள்?

வழியைத் திறந்தது மருந்து. ரத்தப் புற்றுநோய்க்காக கெர்ட்ரூட் எலியன், ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் இருவரும் உருவாக்கிய மருந்துக் குடும்பத்திலிருந்து அசதியோபிரின் வந்தது. அதை வைத்து 1962-ல் இறந்த ஒருவரின் சிறுநீரகத்தை உறவே இல்லாத இன்னொருவருக்குப் பொருத்தி வெற்றி கண்டார் முர்ரே. எலியனுக்கும் ஹிட்சிங்ஸுக்கும் 1988-லும், முர்ரேவுக்கு 1990-லும் நோபல் பரிசு கிடைத்தது. இந்தியாவில் உயிரோடு இருப்பவர் கொடுத்த சிறுநீரகத்தை வெற்றிகரமாகப் பொருத்திய முதல் இடம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை. ஆண்டு 1971.

அதன்பின் வந்த முக்கியமான மூன்று மருந்துகளும் மண்ணிலிருந்து வந்தவை. நார்வேயின் ஒரு பீடபூமியில் 1969-ல் அள்ளிய மண்ணில் இருந்த பூஞ்சை சைக்ளோஸ்போரினைக் கொடுத்தது. ஜப்பானில் சுகுபா மலைப்பக்கத்து மண்ணில் இருந்த நுண்ணுயிரியிலிருந்து 1984-ல் டேக்ரோலிமஸ் கிடைத்தது. இன்று சிறுநீரகம் மாற்றியவர்களில் பெரும்பாலோர் சாப்பிடுவது இதைத்தான்.

மூன்றாவது மருந்துக்குப் பின்னால் ஓர் இந்தியர் இருக்கிறார். பசிபிக் கடலின் நடுவே இருக்கும் ஈஸ்டர் தீவுக்கு 1964-ல் கனடாவிலிருந்து ஒரு மருத்துவக் குழு போனது. அவர்கள் கொண்டுவந்த மண்ணிலிருந்து சுரேந்திர நாத் சேகல் என்ற விஞ்ஞானியின் குழு 1972-ல் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தது. தீவின் உள்ளூர்ப் பெயர் ராபா நூயி. அதனால் மருந்துக்கு ராபமைசின் என்று பெயர். 1980-களில் மாண்ட்ரியலில் இருந்த அந்த ஆய்வுக்கூடத்தை நிறுவனம் மூடியது. அந்த ஆராய்ச்சியும் நின்றது. சேகலுக்கு மனம் வரவில்லை. மாதிரிகளை வீட்டுக்கு எடுத்துப்போய்க் குளிர்சாதனப் பெட்டியில் உறைய வைத்துக் காப்பாற்றினார். சில வருடம் கழித்து மறுபடி ஆராய்ச்சி தொடங்கியது. 1999-ல் அமெரிக்காவில் சிறுநீரக மாற்றுக்கு அனுமதி கிடைத்தது. சிரோலிமஸ் என்ற பெயரில் இன்று விற்பது அதுதான்.

பக்கத்து ஊரில் திறந்த கதவு

மருந்து இருந்தால் மட்டும் போதாது, உறுப்பு வேண்டும். மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைத் தானம் செய்ய வழி வகுக்கும் சட்டம் 1994-ல் வந்தது. ஆனாலும் மக்கள் மனத்தில் அது இறங்கியது 2008-ல், அதுவும் இதே கடற்கரைப் பகுதியில்தான்.

திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியான அசோகன், புஷ்பாஞ்சலியின் மகன் ஹிதேந்திரன். செப்டம்பர் 20 அன்று நடந்த சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்தபோது அவனுக்கு 15 வயது. பெற்றோர் உறுப்புகளைக் கொடுத்தார்கள். தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு அவன் இதயத்தை எடுத்துச் செல்லச் சென்னைக் காவல்துறை சாலையை ஒதுக்கிக் கொடுக்க, வாகனம் 11 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. அங்கே ஒன்பது வயதுச் சிறுமிக்கு அந்த இதயம் பொருத்தப்பட்டது. அடுத்த மாதமே தமிழ்நாட்டில் மூளைச்சாவு உறுப்புதானத் திட்டம் முறையாகத் தொடங்கியது. உறுப்புதானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று 2023 செப்டம்பர் 23 அன்று முதலமைச்சர் அறிவித்தார்.

இப்படிக் கொடுக்கப்பட்ட ஒவ்வோர் உறுப்பும் இன்று யாரோ ஒருவரின் மாத்திரை டப்பாவை நம்பித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

மூன்று மாத்திரை எதற்கு?

சிறுநீரகம் மாற்றியவர் பெரும்பாலும் மூன்று மருந்துகள் சாப்பிடுவார். மூன்றும் மூன்று இடத்தில் வேலை செய்கின்றன.

டேக்ரோலிமஸ் அல்லது சைக்ளோஸ்போரின் முதல் மருந்து. இது கால்சிநியூரினை அடக்குகிறது. காவலாளி அந்நியரைப் பார்க்கிறான், ஆனால் குரல் எழுவதில்லை.

மைக்கோபினோலேட் அல்லது அசதியோபிரின் இரண்டாவது. அப்படியும் குரல் கேட்டுவிட்டால், டி செல்கள் பெருகுவதற்கு வேண்டிய மூலப்பொருள் கிடைக்காமல் இது தடுக்கிறது. ஆள் கூட முடியாது.

பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மூன்றாவது. வீக்கத்தையும் கொதிப்பையும் உண்டாக்கும் பல பொருள்களின் உற்பத்தியையே குறைக்கிறது.

ஒரே மருந்தை அதிகமாகக் கொடுத்தால் அதன் பக்கவிளைவும் அதிகமாகும். மூன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் வேலையும் நடக்கும், கெடுதலும் குறையும். அறுவை முடிந்த முதல் சில மாதங்களில்தான் நிராகரிப்பு ஆபத்து அதிகம். அப்போது அளவும் அதிகம். போகப் போகக் குறைப்பார்கள். ஆனால் பூஜ்யத்துக்குக் கொண்டுவர மாட்டார்கள். நான்கு வருடம் ஆனாலும், பதினான்கு வருடம் ஆனாலும் சிறுநீரகத்தின் அடையாள எண் மாறப்போவதில்லை. காவலாளிக்கும் மறதி கிடையாது.

சொந்த வீட்டையே தாக்கும்போது

இந்த மருந்துகள் உறுப்பு மாற்றியவர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். சிலருக்குக் காவலாளியே குழம்பிப்போய்ச் சொந்தச் செல்களைத் தாக்குவான். மூட்டுகளைத் தாக்கினால் முடக்குவாதம். தோல், மூட்டு, சிறுநீரகம் என்று பல இடங்களைத் தாக்கினால் லூபஸ். இது இளம்பெண்களுக்கு அதிகம் வருகிறது. குடலைத் தாக்கும் கிரோன் நோய், தோலைப் பாதிக்கும் சொரியாசிஸ், நரம்பும் தசையும் சேரும் இடத்தைத் தாக்கும் மயஸ்தீனியா, குழந்தைகளுக்குச் சிறுநீரில் புரதம் போய் முகம் வீங்கும் நெஃப்ராட்டிக் நோய் என்று பட்டியல் நீளும். இவற்றுக்கெல்லாம் இதே குடும்பத்து மருந்துகளைத்தான் வெவ்வேறு அளவில் தருகிறார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். முடக்குவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் தரும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிட வேண்டியது. தினமும் சாப்பிட்டுவிட்டு வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்தான நிலையில் வருகிறவர்கள் உண்டு. வீட்டில் யாருக்காவது இந்த மாத்திரை இருந்தால் அட்டையின் மேல் கிழமையைப் பெரிதாக எழுதி வையுங்கள்.

பக்கவிளைவுகள்: மறைக்கவும் வேண்டாம், மலைக்கவும் வேண்டாம்

காவலைத் தளர்த்தினால் திருடன் வருவது சுலபம். இந்த மருந்துகள் எல்லாவற்றுக்கும் பொதுவான முதல் பக்கவிளைவு தொற்று. நம் நாட்டில் முதலில் நினைக்க வேண்டியது காசநோய். உடம்பில் எப்போதோ புகுந்து தூங்கிக்கொண்டிருந்த காசநோய்க் கிருமி காவல் தளர்ந்ததும் எழுந்துகொள்ளும். அதனால்தான் சில மருந்துகளைத் தொடங்குவதற்கு முன்பே காசநோய்ப் பரிசோதனை செய்கிறார்கள். 2021-ல் கொரோனா இரண்டாம் அலையில் கறுப்புப் பூஞ்சை பரவியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு அளவுக்கு மீறிக் கொடுத்த ஸ்டீராய்டும் அதற்கு ஒரு காரணம்.

இரண்டாவது, நீண்ட காலத்தில் சிலவகைப் புற்றுநோய்கள். தோலிலும் நிணநீர் மண்டலத்திலும் வருபவை முக்கியமானவை. புற்றுச் செல்லைப் பிடிப்பதும் இதே காவலாளிதானே.

மற்றவை மருந்துக்கு மருந்து மாறும். டேக்ரோலிமஸ் கை நடுக்கம், புதிதாகச் சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு, முடி உதிர்தல் ஆகியவற்றைத் தரலாம். அளவு கூடினால் காப்பாற்ற வேண்டிய சிறுநீரகத்தையே கெடுக்கும். சைக்ளோஸ்போரினில் ஈறு தடிக்கும், முகத்தில் முடி வளரும். மைக்கோபினோலேட் வயிற்றுப்போக்கு தரும். கருவில் இருக்கும் குழந்தைக்கு ஊனம் உண்டாக்கும் என்பதால், குழந்தை வேண்டும் என்று நினைக்கும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி வேறு மருந்துக்கு மாற வேண்டும். மாறிய பிறகு நல்லபடியாகப் பிள்ளை பெற்றவர்கள் நிறைய உண்டு. அசதியோபிரின் ரத்த அணுக்களைக் குறைக்கலாம். சிரோலிமஸ் காயம் ஆறுவதைத் தாமதமாக்கும், கொழுப்பைக் கூட்டும்.

ஸ்டீராய்டைப் பற்றிப் பாதி உண்மையும் பாதிப் பயமும் ஊரில் உலவுகிறது. முகம் உப்பும், பசி கூடும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், கண்ணில் புரை விழலாம். இவை உண்மை. அளவு குறையக் குறைய இவையும் பெரும்பாலும் குறையும். ஆனால் பயந்துபோய்த் திடீரென்று நிறுத்துவது அதைவிட ஆபத்து. மாதக்கணக்கில் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்தால் உடம்பு தன் சொந்த உற்பத்தியை நிறுத்திவிடும். ஒரே நாளில் மாத்திரையை விட்டால் ரத்த அழுத்தம் விழுந்து மயக்கம் வரலாம். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

உப்பு மண்ணில் வாழ்கிறவர்களுக்கு

புத்தகத்தில் பொதுவாக எழுதியிருக்கும் அறிவுரை ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு மாதிரி அர்த்தமாகும். மரக்காணம் பக்கத்துக்காரர்கள் கவனிக்க வேண்டியவை கொஞ்சம் தனி.

வெயிலில் இறங்கிச் செய்யும் பழைய வேலைக்குத் திரும்புவது நல்லதில்லை. உடம்பில் தண்ணீர் வற்றும்போது டேக்ரோலிமஸ் சிறுநீரகத்தை இன்னும் அதிகமாக வருத்தும். நிழலில் செய்யும் எடை போடுதல், கணக்கு, காவல் மாதிரி வேலை கிடைத்தால் மாறிக்கொள்வது உத்தமம். வெளியே போனால் முழுக்கைச் சட்டை, தலையில் துணி, கையில் தண்ணீர்.

உப்புநீரில் நிற்கும் காலில் வெடிப்பும் கீறலும் சகஜம். உவர்நீரில் வாழும் விப்ரியோ வகைக் கிருமி ஒன்று அந்தக் கீறல் வழியாக நுழையும். நல்ல உடம்புக்காரரை அதிகம் தொந்தரவு செய்யாத அது, காவல் தளர்ந்த உடம்பில் ஒன்றிரண்டு நாளிலேயே காலை அழுகவைக்கும் அளவுக்குப் போகலாம். மழைக்காலச் சேற்றில் இருக்கும் மெலியாய்டோசிஸ் கிருமியும் அப்படித்தான். காயத்தோடு தண்ணீரிலும் சேற்றிலும் இறங்கக் கூடாது. காலில் சிவந்து வீங்கினால் மஞ்சள் பற்றுப் போட்டுக் காத்திருக்காமல் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ரத்தக் கொதிப்புக்கு நல்லது என்று 'சோடியம் குறைந்த உப்பு' கடைகளில் விற்கிறார்கள். அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கிறார்கள். டேக்ரோலிமஸும் சைக்ளோஸ்போரினும் ஏற்கெனவே ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை. இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறலாம். 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் இந்த வகை உப்பைப் பரிந்துரைத்தபோதும், சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்களுக்கு அது பொருந்தாது என்று விலக்கு வைத்தது. சிறுநீரகம் மாற்றியவர்கள் சாதாரண உப்பையே குறைவாகச் சேர்த்துக்கொள்வதுதான் வழி. கருவாடு, ஊறுகாய், அப்பளம் கணக்கில் வரும். இளநீரிலும் பொட்டாசியம் அதிகம். தாகத்துக்கு இளநீர் குடிக்கலாமா என்பதை ரத்தப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர் சொல்லட்டும்.

பம்பளிமாஸ் பழமும், அதே இனத்துக் கிரேப்ஃப்ரூட்டும் வேண்டாம். குடலிலும் கல்லீரலிலும் டேக்ரோலிமஸைச் சிதைக்கும் நொதியை இவை முடக்கும். மருந்து ரத்தத்தில் தேங்கி அளவு மீறிப்போகும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் நேர் எதிர். மருந்தை வேகமாகக் கரைத்து அளவை மிகவும் இறக்கிவிடும். ஆகவே எந்த மருத்துவரிடம் எதற்குப் போனாலும், பல்வலிக்குப் போனாலும்கூட, 'நான் சிறுநீரகம் மாற்றிக்கொண்டவன், இந்த மாத்திரை சாப்பிடுகிறேன்' என்று முதலில் சொல்லிவிட வேண்டும்.

உடம்பு வலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரையோ ஊசியோ கூடவே கூடாது. 'எதிர்ப்புச் சக்தி கூடும்' என்று விற்கும் பொடி, கஷாயம் எதுவும் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். எதைக் குறைக்க மாத்திரை சாப்பிடுகிறோமோ அதையே கூட்டுவதற்கு இன்னொன்று சாப்பிடுவதில் என்ன நியாயம்? தடுப்பூசிகளில் செயலிழக்கச் செய்த கிருமியில் தயாரானவை பொதுவாகப் போடலாம். உயிருள்ள கிருமியை வைத்துத் தயாரிக்கும் அம்மை வகைத் தடுப்பூசிகளைத் தவிர்க்க வேண்டும்.

கடற்காற்றில் ஈரம் அதிகம். மாத்திரைகளை மொத்தமாகப் பிரித்து டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள். வந்த உறையிலேயே இருக்கட்டும். சமையல்கட்டு அலமாரியும் வேண்டாம்.

ரத்தம் கொடுக்கும் நாளில்

டேக்ரோலிமஸ் ஆளுக்கு ஆள் வேறு வேறு அளவில் ரத்தத்தில் சேரும். ஒருவருக்குப் போதுமான அளவு இன்னொருவருக்கு அதிகமாகலாம். அதனால்தான் அடிக்கடி ரத்தத்தில் அளவு பார்க்கிறார்கள். பலர் இதில் ஒரு தவறு செய்கிறார்கள். காலை மாத்திரையை விழுங்கிவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய் ரத்தம் கொடுப்பார்கள். அளவு கூடுதலாகக் காட்டும். மருத்துவர் மருந்தைக் குறைத்தால் ஆபத்து அங்கேதான் தொடங்கும். முந்தைய இரவு மாத்திரை சாப்பிட்டு 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்பு எடுக்கும் ரத்தம்தான் சரியான கணக்கு. மாத்திரையைப் பையில் எடுத்துப்போய் ரத்தம் கொடுத்ததும் அங்கேயே சாப்பிடுங்கள்.

மருந்துக்கடையில் 'அதே மருந்துதான், வேறு கம்பெனி' என்றால் வாங்காமல் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். கம்பெனி மாறினால் ரத்தத்தில் சேரும் அளவும் மாறலாம்.

ஒரு வேளை மறந்துவிட்டால்? நினைவு வந்ததும் சாப்பிடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் அதை மட்டும் சாப்பிட வேண்டும். இரண்டையும் சேர்த்து விழுங்கக் கூடாது. வாந்தியோ வயிற்றுப்போக்கோ தொடர்ந்தால், 100 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தால், சிறுநீர் குறைந்தால், புதுச் சிறுநீரகம் இருக்கும் அடிவயிற்றில் வலித்தால் காத்திருக்கக் கூடாது.

'நல்லாத்தான இருக்கேன்'

கற்பனைக் குடும்பத்துக்குத் திரும்புவோம். பன்னிரண்டு நாளாக மாத்திரை இல்லை. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. நிராகரிப்பின் மோசமான குணமே இதுதான். தொடக்கத்தில் சத்தம் போடாது. கிரியேட்டினின் என்ற ரத்தப் பரிசோதனையில் எண் மட்டும் மெல்ல ஏறும். கால் வீங்கி, மூச்சு வாங்கும் நிலைக்கு வரும்போது சிறுநீரகத்தின் பெரும்பகுதி போயிருக்கும். சீக்கிரம் கண்டுபிடித்தால் ஸ்டீராய்டு ஊசி போட்டுப் பல பேருக்குத் திருப்பிக் கொண்டுவந்துவிடுகிறார்கள். தாமதமானால் மறுபடி டயாலிசிஸ். இரண்டாவது முறை மாற்று அறுவைக்கு முயன்றால், முதல் சிறுநீரகத்தைத் தாக்கப் பழகிவிட்ட உடம்புக்குப் பொருந்தும் இன்னொன்று கிடைப்பது கடினம். இந்த வீட்டில் கொடுப்பதற்கு மனைவியிடம் மிச்சம் இருப்பதும் ஒன்றுதான்.

அவரைச் சோம்பேறி என்றோ பொறுப்பில்லாதவர் என்றோ சொல்லிவிடுவது சுலபம். மழைக்காலத்தில் வருமானம் நின்றுபோகும் தொழில் அது. அரசு மருத்துவமனையில் மாற்று அறுவை செய்துகொண்டவர்களுக்குத் தமிழ்நாட்டில் இந்த மாத்திரைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் போய் வரும் பஸ் செலவும், ஒரு நாள் முழுக்க வரிசையில் நிற்பதும் இலவசம் இல்லை. அதனால் மழை தொடங்குவதற்கு முன்பே, புரட்டாசியிலேயே, கூடுதல் நாளுக்கான மாத்திரை தர முடியுமா என்று மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது. கையில் பத்து நாள் மாத்திரை மீதி இருக்கும்போதே அடுத்ததற்குக் கிளம்ப வேண்டும். புயலில் சாலை அறுந்தாலும் அந்தப் பத்து நாள் தாங்கும். வழி தெரியாவிட்டால் 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம்.

இன்னும் வியாதி வராதவர்களுக்கும் ஒரு வார்த்தை. உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் வருடம் ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தமும், சிறுநீரில் புரதமும் பார்த்துக்கொள்வது நல்லது. பல சிறுநீரகங்களை இந்த மாத்திரை டப்பாவுக்கே வராமல் காப்பாற்றிவிடலாம்.

அந்த மனிதர் மறுநாள் காலை புதுச்சேரி பஸ்ஸில் ஏறுவார் என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு நாள் மாத்திரை இல்லை என்பதை அவர் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். திட்டுவார்களோ என்று பயந்து, 'ஒழுங்காகத்தான் சாப்பிட்டேன்' என்று சொன்னால் சிகிச்சை வேறு திசையில் போய்விடும். உண்மையைச் சொன்னால் அன்றே ரத்தம் எடுப்பார்கள், அன்றே மருந்து தொடங்கும்.

பக்கத்து இருக்கையில் அவர் மனைவியும் இருப்பார். ஒரே சிறுநீரகத்தோடு வாழும் அவரும் வருடா வருடம் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பல வீடுகளில் இதைத்தான் மறந்துபோகிறார்கள். போகிற பஸ்ஸிலேயே இருவருக்கும் சேர்த்து ஒரு சீட்டு வாங்கிக்கொள்ளலாம்.